இடது குழல் சில நேரம் வெடிக்காத பழைய ரெட்டைக்குழல் துவக்கை வாங்கலாமா?

நுவரெலியாவுக்குக் கிட்ட கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துவக்கு லைசன்ஸுக்கு விண்ணப்பித்து, கேட்ட சிபாரிசுகள் எல்லாம் கிடைத்துவிட்டன. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் 12 போர் ரெட்டைக்குழல் துவக்கை விற்கத் தயாராக இருக்கிறார். 1960களில் அவருடைய அப்பா வாங்கிய வெப்லி அண்ட் ஸ்காட். வலது குழல் ஒழுங்காக வெடிக்கிறது. இடது குழல் சில நேரம் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. "தோட்டாதான் பழசு, துவக்கில் ஒரு குறையும் இல்லை" என்கிறார் பெரியவர். "இந்தப் பழைய இரும்பு எதுக்கு, ஒரு செக்கன்ட்ஹேண்ட் பிஸ்டல் பாரு" என்கிறாராம் மச்சான். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் மச்சானை அனுப்பிவிடுவோம். பன்றிக்கும் பிஸ்டலுக்கும் சம்பந்தமே இல்லை. இரவில், மேடுபள்ளமான பாத்தியில், டோர்ச் வெளிச்சத்தில் ஓடுகிற மிருகத்தைப் பிஸ்டலால் அடிப்பது பயிற்சி உள்ளவனுக்கே கஷ்டம். நம் நாட்டில் அது தற்காப்புக்கென்று, ஆளுக்கு இருக்கும் அச்சுறுத்தலைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அப்படிக் கொடுத்தவற்றைக்கூட 2024 நவம்பரில் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதி அதைக் கேட்டால், இருக்கிற விண்ணப்பத்தையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

இனி துவக்குக்கு வருவோம். பெரியவர் குறையை மறைக்கவில்லை, அது நல்லது. ஆனால் அவர் வாயால் சொன்ன குறை, அந்தத் துவக்கில் இருக்கக்கூடியவற்றிலேயே மலிவான குறையாக இருக்கலாம். வெடிக்காத குழலைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஒழுங்காக வெடித்துக்கொண்டே இருக்கும் வலது குழலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி தேய்ந்தால் துவக்கு வெடிக்காது, அவ்வளவுதான். குழல் மெலிந்திருந்தாலோ, தோட்டா உட்காரும் அறைக்குப் பொருந்தாத தோட்டா போட்டாலோ, துவக்கு அழகாக வெடித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் கையோடு சேர்த்து வெடிக்கும் வரை.

இருந்தாலும் நீங்கள் கேட்டது இடது குழலைப் பற்றி. அதையே முதலில் பார்த்துவிடலாம்.

"ஒரு குழல் நல்லா இருக்கே, ஒற்றைக்குழல் விலைக்குப் பேசி எடுக்கலாமே" என்று ஒரு கணக்கு மனதில் ஓடும். அந்தக் கணக்கு தப்பு. இந்த மாதிரித் துவக்கில் வழக்கமாக முன் விசை (ட்ரிகர்) வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. முதல் வெடி வலது. பன்றி விழவில்லை, காயத்தோடு திரும்புகிறது என்றால் அப்போது தேவைப்படுவது இடது. காயப்பட்ட தனியன் பன்றி ஆளைப் பார்த்து வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் யாரையாவது கேளுங்கள், தொடையைக் காட்டுவார்கள். ஆக இடது குழல் கைவிட்டால், பிரச்சினை வரும் நேரத்துக்கென்று வைத்திருக்கும் பாதிதான் போகிறது. நம்ப முடியாத இடது குழலோடு இந்தத் துவக்கை வாங்கக் கூடாது. திருத்த முடியுமா என்பதுதான் பேச்சு.

ஏன் வெடிக்கவில்லை என்பதைத் தோட்டாவே சொல்லும். வெடிக்காமல் போன தோட்டாக்களைப் பெரியவர் எறிந்திருக்காவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிப்பக்கம் நடுவில் இருக்கும் கேப்பில் ஊசி பட்ட குழி இருக்கும். வலது குழலில் வெடித்த ஒரு வெற்றுத் தோட்டாவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு குழியும் ஒரே ஆழம், இரண்டும் நடுவில் என்றால் பெரியவர் சொன்னது சரி, தோட்டாதான் கெட்டது. குழி மேலோட்டமாக இருந்தால் ஊசிக்குப் பலம் போகவில்லை. ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் குழலோ பூட்டோ (ஊசியை அடிக்கவைக்கும் உள் இயந்திரம்) நேராகச் சேரவில்லை, அது கொஞ்சம் பெரிய விஷயம். குழியே இல்லையென்றால் ஊசி உடைந்திருக்கலாம், அல்லது இடது பூட்டு முழுதாக ஏறவில்லை.

தோட்டா கெடுவது நம் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். நினைத்தபோது நினைத்த அளவு வாங்கக்கூடிய சாமான் இல்லை என்பதால், கிடைத்ததை அலுமாரியில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். நுவரெலியாப் பக்கத்து மூடுபனிக்குக் காகிதக் கூடுள்ள பழைய தோட்டா ஊதிப்போகும், பித்தளை பச்சை பூக்கும், மருந்து ஈரம் குடிக்கும். ஆனால் ஒரே பெட்டித் தோட்டா வலதில் எல்லாம் வெடித்து, இடதில் மட்டும் அடிக்கடி நிற்கிறது என்றால், பழி தோட்டா மேல் இல்லை. தோட்டாவுக்கு எந்தக் குழலில் போடப்பட்டோம் என்று தெரியாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலைநாட்டில் துவக்குக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிற பழக்கம் உண்டு. கீழ்நாட்டில் போட்டால் பிசுபிசுப்போடு போய்விடும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சொல்லவே வேண்டாம். குசினியில் போத்தலுக்குள் கட்டியாகிற அதே எண்ணெய், ஊசி ஓடுகிற சின்னத் துவாரத்துக்குள்ளும் கட்டியாகும், பழைய கரியோடு சேர்ந்து மெழுகு மாதிரி அடைத்துக்கொள்ளும். ஊசி ஓடும், ஆனால் பலம் குறைந்து ஓடும். பகலில் முற்றத்தில் சுட்டுப் பார்த்தால் வெடிக்கும், விடியற்காலை பாத்தியில் நிற்கும். ஆகவே பெரியவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என்ன எண்ணெய் போடுகிறீர்கள்? இரண்டாவது: இடது குழல் நின்றதெல்லாம் எந்த நேரத்தில்? இரவிலும் விடியற்காலையிலும்தான் என்றால் மனசை ஆறுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டாலே தீரக்கூடிய நோயாக இருக்கலாம். கழற்றுவதை நீங்கள் செய்ய வேண்டாம். அந்தத் திருகாணிகளின் வாய் மிக ஒடுக்கம், சாதாரணத் திருப்புளி வைத்தால் வாயைச் சிதைத்துவிடும். துவக்கு திருத்த அனுமதி உள்ள பாஸிடம் கொடுங்கள்.

எண்ணெய் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் உள்ளே இருக்கும் 'வி' வடிவ ஸ்பிரிங். அறுபது வருஷம் உழைத்த ஸ்பிரிங் சோர்ந்துபோவது இயற்கை. நல்ல பாஸ் புதிதாக அடித்துப் போடுவார். ஊசி தேய்ந்திருந்தால் அதுவும் கடைந்து போடக்கூடியதே. இவை இரண்டும் கூலியோடு முடிகிற வேலை, துவக்கின் உயிரைத் தொடாதவை. வெப்லி அண்ட் ஸ்காட் கம்பனி ரெட்டைக்குழல் செய்வதை 1979லேயே நிறுத்திவிட்டது என்பதால் புதுப் பாகம் தேடி அலையாதீர்கள், கையால் செய்து போடுவதுதான் வழி. உள்ளே பூட்டு 1875இல் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை எடுத்த அமைப்பு. உலகத்தில் எத்தனையோ ரெட்டைக்குழல் துவக்குகள் அதைப் பார்த்துச் செய்தவைதான், ஆகவே வேலை தெரிந்த பாஸுக்குப் புதிராக இருக்காது.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு, அதுதான் என்னைப் பயமுறுத்துவது. குழலுக்கும் பின்னால் உள்ள இரும்பு முகத்துக்கும் இடையில் சந்து விழுந்திருந்தால், ஊசி அடிக்கும்போது தோட்டா கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு போகும், அடி பலமாக விழாது. அப்போது வெடிக்காமல் போவது வெறும் அறிகுறி, நோய் வேறு. இதை வீட்டிலேயே பார்க்கலாம். துவக்கு வெறுமையா என்று இரண்டு தடவை பார்த்த பிறகு, குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துவக்கை மூடி, பிடியைப் பிடித்துக் குழலை மெதுவாக ஆட்டுங்கள். முன்கட்டை இருந்தால் அதன் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். 'டக் டக்' என்று ஆடினால், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது சந்து வழியாக வெளிச்சம் தெரிந்தால், துவக்கு மூட்டுவிட்டுப் போயிருக்கிறது. மேலே உள்ள திறக்கும் நெம்பையும் பாருங்கள். புதுத் துவக்கில் அது மூடிய நிலையில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வரும், பிறகு இடப்பக்கம் தாண்டும். இடப்பக்கம் நன்றாகத் தாண்டியிருந்தால் அது நிறைய உழைத்த துவக்கு.

மூட்டுவிட்டதை ஒழுங்காகத் திருத்தலாம், செலவும் நேரமும் பிடிக்கும். ஊரில் செய்கிற வைத்தியம் வேறு. குழலுக்கு அடியிலுள்ள கொக்கியைச் சுத்தியலால் தட்டி இரும்பைப் பிதுக்கிவிடுவார்கள், அல்லது பித்தளைத் தகடு ஒன்றைச் சொருகுவார்கள். பத்து இருபது வெடிக்கு இறுக்கமாக இருக்கும், விற்கப் போதும். கொக்கியின் உட்புறத்தில் சுத்தியல் தடமோ பித்தளை மினுக்கமோ தெரிந்தால் அப்படியே வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, இனி நல்ல பிள்ளையாக வெடிக்கிற வலது குழலுக்கு வருவோம். இரண்டு குழலுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

துவக்கைத் திறந்து குழலைத் தனியாக எடுத்தால், அடிப்பக்கத்தில் தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் அடித்திருக்கும். இங்கிலாந்தில் துவக்கைச் சோதித்து முத்திரை போடுவதற்கென்றே லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இரண்டு நிலையங்கள் உண்டு. பர்மிங்ஹாம் நிலையம் 1813இல் ஆரம்பித்தது, வெப்லி அண்ட் ஸ்காட் அந்த ஊர்க் கம்பனி. முத்திரைகளில் நீங்கள் தேட வேண்டியது 'நைட்ரோ புரூப்' என்ற சொல், அல்லது கிரீடத்துக்கு அடியில் என்.பி. அல்லது பி.என்.பி. என்ற எழுத்து. அது இல்லாவிட்டால் அந்தக் குழல் கறுப்பு மருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய தோட்டா அதற்கு ஆகாது. 1960களில் செய்த துவக்கென்றால் அந்த முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது 1960களில் வாங்கிய, ஆனால் அதற்கு எவ்வளவோ காலம் முன்பு செய்த துவக்கு. தோட்டத் துரைமார் ஊருக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன துவக்குகள் நம் பக்கத்தில் நிறையக் கைமாறியிருக்கின்றன. 'அப்பா வாங்கிய வருஷம்' வேறு, துவக்கு பிறந்த வருஷம் வேறு.

அதே இடத்தில் அறையின் நீளமும் இருக்கும்: 2½ அல்லது 2¾ அங்குலம். 1954க்குப் பிறகு சோதித்த துவக்கென்றால் டன் கணக்கில் அழுத்தமும் இருக்கும். 2½ அங்குல அறைக்கு வழக்கமாக 3 டன், 2¾க்கு 3¼ டன். இந்த அறை நீளத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2½ அங்குலம் என்றால் சுமார் 65 மில்லிமீற்றர். இன்று கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அந்த 70, வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டா வாய் மடிந்திருப்பதால் 60 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருக்கும். அதனால் 65 மில்லிமீற்றர் அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போய் உட்காரும், துவக்கும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னால் உள்ள ஒடுக்கத்துக்குள் புகுந்து வழியைச் சுருக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. உதை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். "நல்ல பலமான தோட்டா" என்று சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் சுடுவார்கள். மூட்டு ஆடத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஆகவே பெரியவர் இவ்வளவு காலமும் என்ன தோட்டா போட்டார் என்று பெட்டியைப் பாருங்கள். அறை 2½ என்றால் 65 அல்லது 67.5 மில்லிமீற்றர் தோட்டா மட்டும்தான். அது உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். தீனி கிடைக்காத மாட்டை வாங்கிக் கட்டி என்ன பயன்?

அடுத்து உள்ளே. குழலை ஜன்னல் பக்கம் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். கண்ணாடி போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய காலத்துக் கேப்பில் இருந்த இரசாயனம் வெடித்த பின் உப்பாக உள்ளே தங்கும், அதை அன்றைக்கே துடைக்காவிட்டால் நம் பனிக்குத் துரு புள்ளி புள்ளியாகத் தின்னும். லேசான புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. விரல் நகம் அளவுக்குப் பள்ளமாகத் தெரிந்தால், அதுவும் அறைக்குச் சற்று முன்னால் இருந்தால், வேண்டாம். உள்ளே வட்டமாக ஒரு கறுப்பு வளையம் தெரிந்து, வெளியே விரலால் தடவும்போது அதே இடத்தில் வீக்கம் தட்டுப்பட்டால், என்றோ ஒருநாள் குழலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அந்தத் துவக்கை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

மிக மினுமினுப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். துருவை எடுக்க உள்ளே கடைந்திருக்கலாம், கடைந்தால் சுவர் மெலியும். 12 போர் குழலின் உள்விட்டம் அடிப்படையில் .729 அங்குலம். அதைவிட நிறையக் கூடியிருந்தால் கடைந்திருக்கிறார்கள். சுவரின் மெல்லிய இடம் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்குக்கு, அதாவது அரை மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது இங்கிலாந்துப் பாஸ்மார் வைத்திருக்கும் கணக்கு. இதைக் கண்ணால் அளக்க முடியாது, அளக்கும் கருவி உள்ள ஆளிடம் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு அளவுக்காகச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

கருவி இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று: குழல் ஜோடியை அடிக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் மொழியால் தட்டுங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டைகள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றன. 'தட்' என்று செத்த சத்தமோ இரைச்சலோ வந்தால் எங்கோ ஈயப் பற்று விட்டிருக்கிறது. மழைத் தண்ணீர் பட்டைக்கு அடியில் இறங்கி, வெளியே தெரியாமல் குழலைத் தின்றுகொண்டிருக்கும். தென்மேல் பருவம் முழுக்க நனைகிற ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் துவக்கென்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

துவக்கு எங்கெல்லாம் இருந்தது என்றும் கேளுங்கள். ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த 1971இலும் 1987–89 காலத்திலும் வீடுகளில் இருந்த துவக்குகளைப் பறித்துக்கொண்டு போனார்கள், பயந்து பொலிஸில் ஒப்படைத்தவர்களும் உண்டு. திரும்பக் கிடைத்தவற்றில் சில வருஷக்கணக்கில் எண்ணெய் காணாமல் மூலையில் சாய்ந்திருந்தவை. வீட்டில் வைத்தாலும் கம்பளித் துணி வைத்த உறைக்குள் போட்டு மூடி வைப்பது நம் குளிரில் துருவுக்கு அழைப்பு வைப்பது மாதிரி. உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு விசையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. இந்தப் பூட்டு அமைப்பில் மேலே உள்ள 'சேஃப்' பொத்தான் விசைகளை மட்டும்தான் பிடித்து வைக்கிறது. உள்ளே ஏறி நிற்கும் குதிரையை, அதாவது அடிக்கும் சுத்தியலை, அது பிடிப்பதில்லை. குதிரையைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி தேய்ந்திருந்தால், 'சேஃப்' போட்டிருந்தும் துவக்கு கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்கலாம். இதைச் சோதிக்க, சுட்ட வெற்றுத் தோட்டாக்களை இரண்டு குழலிலும் போட்டு மூடுங்கள். வெறுமையாகப் பூட்டை அடிக்கவிட்டால் பழைய ஊசி உடையலாம், அதற்காகத்தான் வெற்றுத் தோட்டா. 'சேஃப்' போட்டு விசையை அழுத்தி விடுங்கள், பிறகு 'சேஃப்' எடுங்கள். எடுக்கும்போதே 'டிக்' என்றால் ஆபத்து. அப்புறம் 'சேஃப்' இல்லாமல் தோளில் வைக்கும் கட்டையின் அடியில் உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை நன்றாகத் தட்டுங்கள், குதிரை விழக் கூடாது. வலது விசையை இழுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள், இடது விழக் கூடாது. விழுந்தால், ஒருநாள் ஒரு விசைக்கு இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கும், தோள் தாங்காது.

இவையெல்லாம் சரி என்றால் சுட்டுப் பார்க்கலாம். சுடுவது அவர், அவருடைய லைசன்ஸில், அவருடைய நிலத்தில். நீங்கள் பின்னால் நில்லுங்கள். புதிய தோட்டா, ஒரே பெட்டியிலிருந்து, இடது குழலில் அதிகமாக. முடிந்தால் விடியற்காலைக் குளிரில், துவக்கை இரவு முழுக்க வெளித் திண்ணைக் குளிரில் அவர் கண்பார்வையில் வைத்திருந்த பிறகு. வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத பக்கம், மண்மேட்டைப் பார்த்தபடியே ஒரு நிமிஷம் பிடித்திருக்க வேண்டும், தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வழக்கத்தைவிடச் சத்தம் குறைந்து 'புஸ்' என்று போனால் அதோடு நிறுத்துங்கள். உள்ளே அடைப்பு தங்கியிருக்கலாம், குழலின் வாய்வரை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடுவதுதான் குழல் வீங்குகிற வழி.

கடதாசி விஷயம் சுருக்கமாக. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இன்னும் எல்லாம் நடக்கிறது. லைசன்ஸ் டிசம்பர் 31உடன் முடியும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பெரியவருடையது இந்த வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைசன்ஸில் உள்ள இலக்கமும், பூட்டிலும் குழலிலும் முன்கட்டையிலும் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். குழலில் வேறு இலக்கம் என்றால் அது வேறொரு துவக்கின் குழல், மூட்டு ஆட்டத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், சட்டப் பிரச்சினைக்கும் அதுவே காரணமாகலாம். மாவட்டச் செயலகம் மூலம் உங்கள் பெயருக்கு மாறும்வரை துவக்கு அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். "பிறகு எழுதிக்கலாம், இப்ப கொண்டுபோங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: துவக்கு சரிவராவிட்டால் கம்பிச் சுருக்கோ, மிருகம் தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கோ வைக்கலாமா என்று. கூடாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் மாட்டியது பன்றி இல்லை, கரும்சிறுத்தை. வனஜீவராசிகள் திணைக்களம் மீட்டுக்கொண்டு போயும் சில நாளில் செத்தது. கட்டுத்துவக்கு என்றால் கொழுந்து எடுக்கப் போகிற பெண் பிள்ளைகளின் கால். வேலியும் வெளிச்சமும் போட்டுவிட்டு நல்ல துவக்குக்குக் காத்திருக்கலாம்.

என் முடிவைக் கேட்டால்: நைட்ரோ முத்திரை இருந்து, அறை நீளத்துக்கு ஏற்ற தோட்டா கிடைத்து, மூட்டு ஆடாமல், குழல் சுவர் அளவில் நின்று, இடது குழல் மட்டும் தகராறு என்றால் வாங்கலாம். வெப்லி அண்ட் ஸ்காட் ஆடம்பரம் இல்லாத, உழைக்கிற துவக்கு. ஆனால் திருத்தும் கூலி விலையில் கழிய வேண்டும். அதைவிட நல்லது, பெரியவரே தன் லைசன்ஸில் திருத்திக் கொடுத்து, திருத்திய பிறகு இடது குழலில் ஒரு பெட்டித் தோட்டா தடையில்லாமல் போன பின் பேசுவது. அவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் 'தோட்டாதான் பழசு' என்ற பேச்சில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். மேலே சொன்ன நான்கில் ஒன்று பிழைத்தாலும் வேண்டாம். அந்தக் காசுக்கு லைசன்ஸோடு வரும் ஒற்றைக்குழல் ஒன்று கிடைத்தால், உதாரணத்துக்கு ரஷ்யாவின் பைக்கால், அதை எடுங்கள். பார்க்க அழகில்லை, இரண்டாவது வெடி இல்லை. ஆனால் அறை 70 மில்லிமீற்றர், குழலுக்குள் குரோம் பூச்சு இருப்பதால் நம் பனிக்குத் தாங்கும்.

இப்போதைக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல், குழலின் அடிப்பக்க முத்திரைகளை நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், இலக்கத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு. வெடிக்காத தோட்டாவின் கேப்பையும் எடுத்தால் இன்னும் நல்லது.